‘பட்டன், பட்டன்’ என்று மட்டும் சொல்லும் செயலிகள்: வாசகர் கேள்வி பதில்

செல்போன் செயலிகளின் அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்த முடிவது) பற்றி, தயாரிப்பவர்களும் பயன்படுத்துபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் குழுவில் இரண்டே பேர். செயலி வெளியாகி ஒரு வருடம் ஆகிறது. பார்வையற்ற பயனர் ஒருவர், “எதைத் தொட்டாலும் ‘பட்டன், பட்டன்’ என்றுதான் கேட்கிறது, எது என்னவென்றே தெரியவில்லை” என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவர் கேட்டதை முதலில் நீங்களும் கேளுங்கள். திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் வசதி போனிலேயே இருக்கிறது: ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐஃபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதியில் இருக்கின்றன. இயக்குவதற்கு முன்பே அணைக்கும் வழியை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து 3 விநாடி அழுத்தும் குறுக்குவழி, ஐஃபோனில் பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்தும் குறுக்குவழி. இதைச் செய்யாமல் இயக்கிவிட்டு, போன் கெட்டுப்போய்விட்டதென்று பயப்படுபவர்கள் உண்டு. இயக்கியபின் ஒரு முறை தொட்டால் அந்த இடத்தை வாசிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும். பட்டியலை உருட்ட டாக்பேக்கில் இரண்டு விரல், வாய்ஸ்ஓவரில் மூன்று விரல் வேண்டும்.

இப்போது உங்கள் செயலியின் முக்கியமான ஒரு வேலையை, கணக்குத் தொடங்குவதையோ ஒன்றைத் தேடி எடுப்பதையோ, வலப்பக்கம் தள்ளித் தள்ளியே முடித்துப் பாருங்கள். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் மூன்று விஷயம் காதில் விழ வேண்டும்: இதன் பெயர் என்ன, இது என்ன வகை (பட்டனா, சுவிட்சா, தலைப்பா), இப்போது என்ன நிலையில் இருக்கிறது (தேர்வாகியிருக்கிறதா, முடங்கியிருக்கிறதா). எது விடுபட்டாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயனர் சொன்னது பெயர் விடுபட்ட கதை. எழுத்தில்லாத ஐகான் பட்டன்களில் இது வரும். சில சமயம் படக்கோப்பின் பெயரையே வாசித்து வைக்கும். பெயர் கொடுக்கும் இடம் இதுதான்: ஆண்ட்ராய்டில் ‘கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்’, ஐஓஎஸ்ஸிலும் (ஐஃபோனின் இயங்குதளம்) ரியாக்ட் நேட்டிவிலும் ‘ஆக்சஸிபிலிட்டி லேபிள்’, ஃப்ளட்டரில் ‘செமான்டிக்ஸ்’ விட்ஜெட்டின் லேபிள். (ரியாக்ட் நேட்டிவும் ஃப்ளட்டரும் இரண்டு வகைப் போனுக்கும் சேர்த்துச் செயலி கட்டும் கருவிகள்.) சிறிய செயலியானால் ஓரிரு நாளில் முடிகிற வேலை. முதலில் இதை முடித்து ஒரு பதிப்பை வெளியிட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

வகை விடுபடுவது வேறு காரணத்தால். ஒரு படத்துக்கோ எழுத்துக்கோ தொடுதலை மட்டும் கட்டிவிட்டு அதைப் பட்டன் என்று நினைத்துக்கொள்கிறோம். கண்ணுக்கு அது பட்டன். டாக்பேக்குக்கு வெறும் எழுத்து. ஸ்விஃப்ட் யூஐயில் (ஐஃபோன் திரைகளைக் கட்டும் கருவி) ‘டேப் ஜெஸ்ச்சர்’ போடுமிடத்தில் ‘பட்டன்’ கூறையே பயன்படுத்துங்கள். கம்போஸில் (ஆண்ட்ராய்டு திரைகளைக் கட்டும் கருவி) இயக்கு-அணை வகைக் கூறுகளுக்கு ‘கிளிக்கபிள்’ வேண்டாம். ‘டாகிளபிள்’ போட்டு, ரோல் ‘சுவிட்ச்’ என்று கொடுங்கள், நிலையையும் அதுவே சொல்லிவிடும். இயங்குதளம் தரும் கூறை எடுத்து நிறமும் வடிவமும் மாற்றுவது எப்போதும் லாபம். முழுக்கச் சொந்தமாக வரைந்தால் பெயர், வகை, நிலை மூன்றையும் நீங்களே சுமக்க வேண்டும்.

இன்னொன்று. பட்டியலின் ஒரு வரிசையில் படம், பெயர், தேதி, அம்புக்குறி என நாலு துண்டு இருந்தால் நாலு முறை தள்ள வேண்டியிருக்கும். இருபது வரிசையைக் கடக்க எண்பது தள்ளல்! வரிசையை ஒரே பொருளாகச் சேர்த்துவிடுங்கள். கம்போஸில் வரிசை முழுவதற்கும் ‘கிளிக்கபிள்’ கொடுத்தால் உள்ளே இருப்பவை தானாகச் சேரும். ஸ்விஃப்ட் யூஐயில் ‘ஆக்சஸிபிலிட்டி எலமென்ட்’டுக்கு ‘கம்பைன்’ என்று கொடுக்க வேண்டும். ஃப்ளட்டரில் ‘மெர்ஜ் செமான்டிக்ஸ்’.

கேள்வி: லேபிளில் என்ன எழுதுவது, எவ்வளவு எழுதுவது? எங்கள் சோதனையாளர், நாங்கள் எழுதியது அதிகம் என்கிறார்.

பதில்: அவர் சொல்வது அநேகமாகச் சரி. டாக்பேக் பயன்படுத்துபவர் ஒரு நாளில் பல நூறு லேபிள்களைக் கேட்கிறார். ‘தேடு’ போதும். ‘தேடுவதற்கான பட்டன், இங்கே தட்டவும்’ என்று எழுதினால் ‘பட்டன்’ இரண்டு முறை ஒலிக்கும். எப்படித் தட்டுவது என்பதை டாக்பேக்கே சொல்லிவிடும். ஐகான் எப்படி இருக்கிறது என்பதும் தேவையில்லை, என்ன செய்யும் என்பதே தேவை: ‘பூதக்கண்ணாடி’ அல்ல, ‘தேடு’, ‘பெருக்கல் குறி’ அல்ல, ‘மூடு’.

ஒரே திரையில் பத்து ‘நீக்கு’ பட்டன்கள் இருந்தால் மட்டும் கொஞ்சம் நீட்டலாம்: ‘நீக்கு, மின்கட்டண நினைவூட்டல்’ என்று. வினைச்சொல் முன்னால் வரட்டும். வேண்டாதவர் முதல் சொல்லிலேயே அடுத்ததற்குத் தாவிவிடுவார். நிலையை லேபிளுக்குள் எழுதாதீர்கள். ‘பிடித்தது, தேர்வானது’ என்று நீங்கள் எழுதி வைக்க, இயங்குதளமும் ‘தேர்வானது’ என்று சேர்த்துச் சொல்லும். அழகுக்கு வைத்த படங்களுக்குப் பெயரே வேண்டாம். கம்போஸில் டிஸ்கிரிப்ஷனுக்கு ‘நல்’ (வெற்று மதிப்பு) கொடுங்கள், ஸ்விஃப்ட் யூஐயில் ‘ஆக்சஸிபிலிட்டி ஹிடன்’. ‘அலங்காரப் படம்’ என்று பெயர் வைப்பவர்களும் இருக்கிறார்கள். கேட்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: நான் வடிவமைப்பாளர். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்துதான் கச்சிதமாக இருக்கிறது. ‘கான்ட்ராஸ்ட் போதாது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். எவ்வளவு சாம்பல் வரை போகலாம்?

பதில்: இதற்குத் துல்லியமான விடை இருக்கிறது. உலகெங்கும் பின்பற்றப்படும் இணைய அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகளின்படி (இப்போதைய 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது), சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாட்டின் விகிதம், குறைந்தது 4.5:1 வேண்டும். எழுத்து 18 பாயின்ட்டோ, தடித்த எழுத்தானால் 14 பாயின்ட்டோ, அதற்கு மேலோ இருந்தால் 3:1 போதும். பொருள் தரும் ஐகான்களுக்கும் உள்ளீட்டுப் பெட்டியை அடையாளம் காட்டும் விளிம்புக்கும் 3:1.

வெள்ளைமேல் #767676 என்ற சாம்பல் 4.54 தரும், தேறிவிடும். #777777 என்றால் 4.48, தவறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் எல்லைக்கோடு அங்கே இருக்கிறது. பலர் விரும்பிப் போடும் #999999 வெறும் 2.85, வெயிலில் நின்று பார்த்தால் நல்ல கண்ணுள்ளவருக்கே தெரியாது. எல்லையில் நிற்காமல் #595959 வைத்துக்கொண்டால் 7:1 கிடைக்கும், மென்மையும் கெடாது.

வழுக்கும் இடங்கள் வேறு இருக்கின்றன. உள்ளீட்டுப் பெட்டிக்குள் மங்கலாக வரும் குறிப்பு எழுத்தும் எழுத்துதான், அதற்கும் 4.5 வேண்டும். புகைப்படத்தின் மேல் எழுத்து வந்தால், படம் மாறும்போதெல்லாம் கான்ட்ராஸ்ட்டும் மாறும். நடுவில் கரும் திரை ஒன்றைப் போட்டுவிடுங்கள். டார்க் மோடில் தனியாக அளக்க வேண்டும், வெளிர்ப் பின்னணிக்குச் சரியான நீலம் கருப்பில் அமுங்கிப்போகும். முடக்கப்பட்ட பட்டன்களுக்கு விதிவிலக்கு உண்டு. அதைச் சாக்கிட்டு ‘அடுத்து’ பட்டனை மங்கலாகவே வைத்து, என்ன குறை என்று சொல்லாமல் விடும் பழக்கம் நல்லதல்ல. பட்டனை உயிரோடு வையுங்கள். தட்டியதும் எது நிரப்பப்படவில்லை என்று சொல்லுங்கள்.

நிறத்தை மட்டும் நம்புவதும் இதே குடும்பம். சிவப்பு என்றால் தோல்வி, பச்சை என்றால் வெற்றி என்று புள்ளி மட்டும் வைத்தால், சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவருக்கு இரண்டும் ஒன்று. புள்ளியோடு ஒரு சொல்லோ வேறுபட்ட வடிவமோ சேருங்கள். ஐஃபோனின் கலர் ஃபில்டரில் கிரேஸ்கேலைப் போட்டுச் செயலியை ஒரு சுற்றுப் பார்த்தால் எங்கெங்கே என்று தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் நிறக்குறைபாட்டைப் போலக் காட்டும் வசதியே இருக்கிறது.

கேள்வி: போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் திரை சிதறிப்போகிறது. எழுத்தளவு மாறாமல் பூட்டிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களில் பலர் தங்களை மாற்றுத்திறனாளி என்று நினைப்பதே இல்லை; வயதானதால் செய்கிறார்கள், அவ்வளவுதான். ரியாக்ட் நேட்டிவில் ‘அலோ ஃபான்ட் ஸ்கேலிங்’கை அணைப்பது, ஃப்ளட்டரில் எழுத்துப் பெருக்கத்தை 1-இல் நிறுத்துவது எல்லாம் நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைக்கும் வேலை.

சிதறுவதற்குக் காரணம் பெரும்பாலும் நிலையான உயரம். 48 என்று உயரம் கட்டிய பெட்டிக்குள் எழுத்து இருமடங்கானால் தலையும் காலும் வெட்டுப்படும். உயரத்தைக் கட்டாமல் ‘குறைந்தபட்ச உயரம்’ 48 என்று கொடுங்கள். பெட்டி எழுத்தோடு வளரட்டும். ஆண்ட்ராய்டில் எழுத்தளவும் வரி உயரமும் எஸ்பி அலகில் (பயனரின் எழுத்தளவோடு வளர்வது), பெட்டி இடைவெளிகள் டிபி அலகில் (அதனோடு வளராதது). ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்து 200 சதவீதம் வரை போகிறது, அதுவும் நேர்விகிதத்தில் அல்ல: சிறிய எழுத்து அதிகம் வளரும், ஏற்கெனவே பெரிதாக இருக்கும் தலைப்பு குறைவாக வளரும். எனவே நீங்களே எஸ்பியைப் பெருக்கி டிபி கண்டுபிடிக்கும் கணக்கு நிரலில் எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள். மாற்றும் வேலையை இயங்குதளத்தின் செயற்கூறிடம் விடுங்கள். ஐஓஎஸ்ஸில் மொத்தம் 12 அளவுப் படிகள். பத்திகளுக்கான சாதாரண எழுத்து இயல்பில் 17 பாயின்ட், கடைசிப் படியில் 53.

53 பாயின்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டன் நிற்காது. அந்த அளவில் கிடைவரிசையைச் செங்குத்து வரிசையாக மாற்றுங்கள். ஸ்விஃப்ட் யூஐயில் ‘வியூ தட் ஃபிட்ஸ்’, கம்போஸில் ‘ஃப்ளோ ரோ’ இதற்குத் தோதானவை. உருளாத திரைகளை உருளும்படி செய்யுங்கள். பிழைச்செய்தியும் தொகையும் ‘…’ என்று வெட்டுப்பட்டால் வேறு எது சரியாக இருந்தும் பயனில்லை.

தமிழ் எழுத்துள்ள செயலிகளில் இன்னொரு கண்ணி. ஆங்கிலத்துக்கு அளந்து வரி உயரத்தைக் கட்டினால் ‘கீ’யின் சுழி மேலே வெட்டுப்படும், ‘பூ’வின் வால் கீழே. ஆண்ட்ராய்டில் ‘இன்க்லூட் ஃபான்ட் பேடிங்’கை அணைத்து வைத்திருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமும் கூட. இரண்டாம் வரிக்கு எப்போதும் இடம் விடுங்கள்.

கேள்வி: ஐகான் 24 அளவுதான். தொடும் இடத்துக்காக அதைப் பெரிதாக்கினால் அழகு போய்விடுமே?

பதில்: ஐகானைத் தொடவேண்டாம், அதைச் சுற்றியுள்ள இடத்தைக் கூட்டுங்கள். ஆண்ட்ராய்டு பரிந்துரை 48-க்கு 48 டிபி. திரையில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர், விரல்நுனி அளவு. 24 ஐகானுக்கு நாலு பக்கமும் 12 இடைவெளி விட்டால் கணக்கு முடிந்தது. ஆப்பிள் கேட்பது 44-க்கு 44 பாயின்ட், அதற்கு 10. இந்த இடைவெளி, தொடுதலை ஏற்கும் கூறுக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே மார்ஜினாக விட்டால் பார்ப்பதற்கு மட்டும்தான். விளம்பரத்தையோ பெட்டியையோ மூடும் குறியில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. சிலர் வேண்டுமென்றே செய்கிறார்களோ என்றும் தோன்றுகிறது.

கேள்வி: ஓடிபி கேட்கும் திரையில்தான் எங்கள் பயனர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆறு கட்டம், 30 விநாடி, தவறினால் கீழே ஒரு சிறு செய்தி வந்து மறைகிறது. இதில் என்ன தப்பு?

பதில்: மூன்றுமே.

ஆறு கட்டம் என்பது டாக்பேக்குக்கு ஆறு தனித்தனி பெட்டி. ஒவ்வொன்றிலும் இலக்கம் போட்டதும் ஃபோகஸ் (இப்போது நிற்கும் இடம்) தானாகத் தாவ, அது பேசத் தொடங்க, எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறோம் என்றே தெரியாது. ஒரே பெட்டி வையுங்கள். கட்டங்களாகத் தெரியத்தான் வேண்டும் என்றால் ஒரே பெட்டியின் மேல் கட்டங்களை வெறும் ஓவியமாக வரையுங்கள். ஒட்டுவதைத் தடுக்காதீர்கள். ஐஓஎஸ் 12 முதல் பெட்டியின் உள்ளடக்க வகையை ‘ஒன் டைம் கோடு’ என்று குறித்தால், குறுஞ்செய்தியில் வந்த எண் விசைப்பலகைக்கு மேலேயே வந்து நிற்கும். ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் ரிட்ரீவர் இதே வேலையைச் செய்யும். மனப்பாடம் செய்து தட்டவைப்பது மறதிக்காரருக்கும் எழுத்துக் குழப்பம் உள்ளவருக்கும் பெரிய தடை, 2.2 பதிப்பு இதற்கென்றே ஒரு விதி சேர்த்திருக்கிறது.

30 விநாடி போதாது. செய்தி வந்த சத்தம் கேட்டு, அதைத் திறந்து, கேட்டு, திரும்பிவர நேரம் பிடிக்கும். நேரக்கெடு வைத்தே ஆக வேண்டுமென்றால், முடிவதற்குக் குறைந்தது 20 விநாடி முன்பே சொல்லி, ஒரு தட்டில் நீட்டிக்கொள்ள வழி விட வேண்டும். அப்படி குறைந்தது 10 முறை நீட்ட முடிய வேண்டும் என்கிறது நெறி. இறங்கிக்கொண்டே வரும் விநாடி எண்ணை ‘லைவ் ரீஜன்’ (மாறும்போதெல்லாம் தானாக வாசிக்கப்படும் பகுதி) ஆக்கிவிடாதீர்கள். 29, 28, 27 என்று கத்திக்கொண்டே இருக்கும், வேறெதுவும் கேட்காது.

மறையும் செய்திக்கு வருவோம். ஆண்ட்ராய்டின் டோஸ்ட் (தோன்றித் தானே மறையும் சிறு செய்தி) 2 விநாடி அல்லது 3.5 விநாடி மட்டுமே நிற்கும். திரையை உருப்பெருக்கிப் பார்ப்பவருக்கு அது கண்ணிலேயே படாமல் போகலாம். பிழையை அந்தப் பெட்டிக்கு அடியிலேயே, எழுத்தில், அவர் திருத்தும்வரை நிற்கும்படி வையுங்கள். ‘தவறான உள்ளீடு’ என்பதற்குப் பதில் ‘6 இலக்கம் வேண்டும், 5 தான் இருக்கிறது’ என்று எழுதலாமே. ஆண்ட்ராய்டில் அந்த எழுத்தை ‘பொலைட்’ வகை (நடக்கும் பேச்சை இடைமறிக்காத) லைவ் ரீஜனாகக் குறித்தால் டாக்பேக் தானாகச் சொல்லும். நேரடியாகப் பேசவைக்கும் ‘அனவுன்ஸ் ஃபார் ஆக்சஸிபிலிட்டி’யைப் புதிதாகப் பயன்படுத்தாதீர்கள், ஆண்ட்ராய்டு 16-இல் அது கைவிடும் பட்டியலுக்குப் போய்விட்டது. ஐஓஎஸ்ஸில் அறிவிப்பு அனுப்பிய கையோடு ஃபோகஸையும் நகர்த்தினால், புதிய ஃபோகஸின் பேச்சு அறிவிப்பை நடுவில் வெட்டிவிடும். இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். படிவத்தில் பிழையென்றால் பிழையுள்ள முதல் பெட்டிக்கு ஃபோகஸை நகர்த்துவதே மேல்.

கேள்வி: நான் டாக்பேக் பயன்படுத்துகிறேன். சில தமிழ்ச் செயலிகளில் தமிழ் எழுத்து வரும் இடத்தில் மௌனம், அல்லது அர்த்தமில்லாத உளறல். கோளாறு என் போனிலா, செயலியிலா?

பதில்: இரண்டிலும் இருக்கலாம். மற்ற செயலிகளில் தமிழை ஒழுங்காக வாசிக்கிறதா பாருங்கள். எங்குமே மௌனம் என்றால் போனின் பேச்சு எஞ்சினில் தமிழ்க்குரல் இல்லை. டெக்ஸ்ட் டு ஸ்பீச் அமைப்பில் போய்த் தமிழ்க்குரலைப் பதிவிறக்குங்கள். ஒரு செயலியில் மட்டும் உளறினால் அங்கே எழுத்து யூனிகோடில் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) இல்லாமல், பழைய எழுத்துரு ஒன்றின் குறியீட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தமிழ், உள்ளே வேறு எழுத்துகள். தமிழைப் படமாக ஒட்டியிருந்தாலும் மௌனம்தான். இவை இரண்டும் அவர்கள் திருத்த வேண்டியவை. எந்தத் திரை, எந்த வரி, என்ன கேட்டது என்று எழுதி அனுப்புங்கள்.

தயாரிப்பவர்களுக்கு: லேபிளின் மொழியைச் சொல்லிவிடுங்கள். ஐஓஎஸ்ஸில் ‘ஆக்சஸிபிலிட்டி லாங்வேஜ்’, ஆண்ட்ராய்டில் ‘லொக்கேல் ஸ்பேன்’. தொலைபேசி எண்ணையும் கணக்கு எண்ணையும் இலக்கம் இலக்கமாக வாசிக்கும்படி குறியுங்கள், இல்லாவிட்டால் பத்திலக்க எண் ‘தொள்ளாயிரத்துச் சொச்சம் கோடி’ என்று நீளும். ஆண்ட்ராய்டில் ‘டிடிஎஸ் ஸ்பேன்’, ஸ்விஃப்ட் யூஐயில் ‘ஸ்பீச் ஸ்பெல்ஸ் அவுட் கேரக்டர்ஸ்’ இதற்கானவை.

கேள்வி: எங்கள் செயலியில் ஒலியே கிடையாது. காது கேளாதோருக்கு நாங்கள் செய்ய எதுவும் இல்லைதானே?

பதில்: ‘உதவி’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரு தொலைபேசி எண் மட்டும் இருந்தால் வேலை இருக்கிறது: அரட்டையோ மின்னஞ்சலோ சேருங்கள். கணக்கைச் சரிபார்க்க அழைத்துப் பேசுவது மட்டுமே வழி என்றால் அதுவும் தடைதான். அறிமுக வீடியோ இருந்தால் வசன வரி வேண்டும், தானாக உருவானதைத் திருத்திய பிறகு.

கேள்வி: இடப்பக்கம் தள்ளினால் நீக்கும், அழுத்திப் பிடித்து இழுத்தால் வரிசை மாறும். இவற்றைக் கைவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம், கூடவே ஒரு எளிய வழியும் வையுங்கள். தள்ளி நீக்குவதற்கு மூன்று புள்ளி மெனுவில் ‘நீக்கு’. இழுப்பதற்கு ‘மேலே நகர்த்து’, ‘கீழே நகர்த்து’. கூடுதலாக இவற்றை ‘கஸ்டம் ஆக்‌ஷன்’களாகப் பதிவு செய்தால் டாக்பேக், வாய்ஸ்ஓவர், ஸ்விட்ச் அக்சஸ் எல்லாவற்றிலும் அந்த வரிசையின் செயல்களாக வரும். கை நடுக்கமுள்ளவர், ஒற்றைச் சுவிட்சால் போனை இயக்குபவர் எல்லோருக்கும் இதுவே வாசல். குரலால் இயக்குபவர் திரையில் தெரியும் சொல்லைத்தான் சொல்வார். திரையில் ‘அனுப்பு’, லேபிளில் ‘செய்தியைச் சமர்ப்பி’ என்றிருந்தால் அவர் எத்தனை முறை ‘அனுப்பு’ என்றாலும் ஒன்றும் நடக்காது. தெரியும் சொல் லேபிளிலும் இருக்கட்டும், முதலிலேயே.

கேள்வி: தானியங்கிச் சோதனையில் ஒரு பிழையும் இல்லை என்று வந்துவிட்டது. இனி நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: பாதி நிம்மதி. ஆண்ட்ராய்டின் ஆக்சஸிபிலிட்டி ஸ்கேனர் லேபிள் இல்லாததையும், தொடுமிடம் சிறுத்ததையும், கான்ட்ராஸ்ட் குறைந்ததையும் பிடிக்கும். லேபிள் தப்பாக இருப்பதை அதனால் பிடிக்க முடியாது. ‘மூடு’ பட்டனுக்கு ‘சேமி’ என்று பெயர் வைத்திருந்தாலும் தேறிவிடும். வாசிக்கும் வரிசை தாறுமாறாக இருப்பதும், மேலே ஒரு பெட்டி திறந்திருக்கும்போது அடியிலுள்ள திரையையும் வாசிப்பதும் அதன் கண்ணில் படாது. பின்னதை ஐஓஎஸ்ஸில் ‘ஆக்சஸிபிலிட்டி வியூ இஸ் மோடல்’ அடைக்கும். ஆண்ட்ராய்டில் சொந்தமாக வரைந்த மேல்திரைக்குப் பதில் உண்மையான டயலாக் போட்டால் சரியாகும்.

தானியங்கிச் சோதனையை ஒருமுறை செய்வதைவிட ஒவ்வொரு பதிப்புக்கும் ஓடும்படி கட்டிவிடுங்கள். ஆண்ட்ராய்டின் சோதனைக் கருவியான எஸ்ப்ரெஸ்ஸோவில் ‘ஆக்சஸிபிலிட்டி செக்ஸ்’ஸை இயக்குங்கள், தொட்ட கூறை மட்டும் பார்க்காமல் முழுத்திரையையும் பார்க்க ‘ரன் செக்ஸ் ஃப்ரம் ரூட் வியூ’வையும் சேர்த்து. ஐஃபோன் செயலிகளை எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடில், 15-ஆம் பதிப்பு முதல் இடைமுகச் சோதனைகளில் ‘பெர்ஃபார்ம் ஆக்சஸிபிலிட்டி ஆடிட்’ என்ற ஒற்றை வரி இருக்கிறது.

பிறகு கைச்சோதனை. வாய்ஸ்ஓவரில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை இருண்டுவிடும், டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது. இருட்டில் அந்த முக்கியமான வேலையை முடியுங்கள். திரை தெரிந்தால் கண் உங்களை ஏமாற்றிவிடும். அடுத்து எழுத்தை உச்ச அளவில் வைத்து ஒரு சுற்று, புளூடூத் விசைப்பலகையில் டேப் விசையால் ஒரு சுற்று. இவை முடிந்த பின்பே தினமும் இவற்றோடு வாழ்பவர்களைச் சோதனைக்கு அழையுங்கள், கூலி கொடுத்து. லேபிள் இல்லாத பட்டனைக் கண்டுபிடிக்க அவர்கள் நேரத்தை எடுக்க வேண்டியதில்லை. அவர்கள் போனில் பேச்சு நீங்கள் பின்தொடர முடியாத வேகத்தில் ஓடும். வேகத்தைக் குறைக்கச் சொல்லாமல், எங்கே தயங்கித் திரும்பிப் போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அடுத்து திருத்த வேண்டிய திரை அதுதான்.